பத்தா, பதினொன்றா?
சிரக்யூஸ் லக்ராஸ் அணியின் இரு பருவங்கள்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலுள்ள சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தின் ஆடவர் லக்ராஸ் அணி, கல்லூரிகளுக்கான தேசியப் பட்டத்தை எத்தனை முறை வென்றுள்ளது? எண்ணிச் சொல்லிவிடக்கூடிய வினாதான். ஆனால் எண்ணுபவர்கள் ஒன்றுபடுவதில்லை. கல்லூரி விளையாட்டுகளை ஆளுகின்ற என்.சி.ஏ.ஏ. என்னும் தேசிய அமைப்பின் ஏடு 10 என்கிறது. அணியின் பழைய மாணவர்களும் அன்பர்களும் 11 என்பர். 1920, 1922, 1924, 1925 ஆகிய ஆண்டுகளின் பட்டங்களையும் சேர்த்தெண்ணுவோர் 15 வரை செல்வர். இவற்றுள் எதிலும் அடங்காத 1957ஆம் ஆண்டைப் பற்றிப் பேச்செடுத்தாலோ, ஓர் ஆட்டத்திலும் தோற்காத அணிக்குப் பட்டம் இல்லாமற்போன கதையைச் சொல்லத் தொடங்கிவிடுவர்.

விளையாட்டுக் கணக்குக்கு இலக்கிய மலரில் என்ன இடம் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நம் வட்டத்தின் முதல் கூட்டம் எந்தத் திங்களில் கூடியது, அன்று வந்திருந்தோர் எழுவரா ஒன்பதின்மரா என்பதில் இந்தப் பத்தாண்டுக்குள்ளேயே இரண்டு கட்சிகள் தோன்றிவிட்டன என்பதை மட்டும் அவர்களுக்கு நினைவூட்டுகிறேன். ஒரே போரை இரு தரப்பு மெய்க்கீர்த்திகளும் வெற்றியென்றே பாடக் கேட்டுப் பழகிய நமக்கு, ஏடு ஒன்று சொல்ல நினைவு வேறொன்று சொல்லும் நிலை புதிதன்று. சிரக்யூஸில் நடந்தது அதனினும் விந்தையானது. அங்கே இரண்டு பருவங்கள், ஒன்றையொன்று தலைகீழாகக் காட்டும் கண்ணாடிகள் போல நிற்கின்றன. ஒன்றில் தோல்வியுமில்லை, பட்டமுமில்லை. மற்றொன்றில் தோல்வியுமில்லை, பட்டமும் கிட்டியது. பிறகு அது நடக்கவேயில்லை என்று எழுதப்பட்டது.

ஆட்டத்தை அறியாதவர்க்கு ஓரிரு சொல். நுனியில் வலைப்பை கட்டிய நீண்ட கோலால் சிறிய கடினமான பந்தை ஏந்தி, எறிந்து, பிடித்து, ஆறடி உயரமும் ஆறடி அகலமும் கொண்ட வலைக்குள் செலுத்துவது லக்ராஸ். ஆடவர் ஆட்டத்தில் ஒரு பக்கத்துக்குப் பதின்மர். வலையைச் சுற்றி ஒரு வட்டம் உண்டு. தாக்குவோர் அதற்குள் கால் பதித்தலாகாது. இந்த வட்டம் பின்னே கதையில் வரும். ஆட்டத்தின் தாயகம் வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் நிலம். சிரக்யூஸ் நகருக்குத் தெற்கே, கைக்கெட்டும் தொலைவில், ஹோடினோசோனி கூட்டமைப்பைச் சேர்ந்த ஒனொண்டாகா மக்களின் நிலப்பகுதி இன்றும் இருக்கிறது. பல்கலைக்கழகம் 1916இல் இந்த ஆட்டத்தைத் தொடங்கியபோது, ஆட்டத்தின் உரிமையாளர்கள் பக்கத்து ஊர்க்காரர்களாகவே இருந்தனர்.

1957ஐப் புரிந்துகொள்ள, அக்காலத்தில் பட்டம் எப்படிக் கிடைத்தது என்பதை அறிதல் வேண்டும். இன்று உள்ளதுபோல் இறுதியாட்டம் என்ற ஒன்று அன்று இல்லை. பருவம் முடிந்தபின் கல்லூரிகளின் லக்ராஸ் சங்கம், ஆடிய ஆட்டங்களையும் எதிரணிகளின் வலிமையையும் சீர்தூக்கிப் பார்த்து வெற்றியாளரை அறிவித்தது. விங்கேட் நினைவுக் கோப்பையும் அதன்படியே சென்றது. களத்தில் தீராதது மேசையில் தீர்ந்தது என்று சொல்லலாம். பல ஆண்டுகளில் மேசையிலும் தீரவில்லை. 1959இல் மூன்று அணிகள் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டன. 1967இலும் மூன்று, 1970இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ், கடற்படைக் கல்லூரி, வர்ஜீனியா என மீண்டும் மூன்று. 1971இல்தான் என்.சி.ஏ.ஏ. போட்டித் தொடர் தொடங்கியது. அதன் முதல் இறுதியாட்டத்தில் கார்னெல் பல்கலைக்கழகம் மேரிலாந்தை 12–6 என வென்றது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் தன் பட்டங்கள் 44 என்று கூறும்போது, அவற்றுள் 9 மட்டுமே இந்தத் தொடரில் வென்றவை. எஞ்சிய 35ஐ யாரும் பொய்யென்று சொல்வதில்லை. அவை வேறொரு முறையில் வந்தவை, அவ்வளவே.

1957ஆம் ஆண்டின் சிரக்யூஸ் அணி 10 ஆட்டங்களில் 10ஐயும் வென்றது. பயிற்சியாளர் மூத்த ராய் சிம்மன்ஸ். 1931 முதல் 1970 வரை அப்பொறுப்பில் இருந்தவர். களத்தின் நடுவே ஜிம் பிரவுன். பின்னாளில் கிளீவ்லாந்து அணிக்காக ஆடி, அமெரிக்கக் கால்பந்தின் தலைசிறந்த ஓட்டக்காரர் எனப் பெயர் பெற்று, 2023இல் மறைந்த அதே பிரவுன்தான். அந்தப் பத்து ஆட்டங்களில் அவர் அடித்தவை 43 கோல்கள். வலையைக் காத்தவர் ஓரன் லயன்ஸ். ஒனொண்டாகா குடியினர், பின்னாளில் தம் மக்களின் நெறி காப்பவர்களுள் ஒருவராகி ஐக்கிய நாடுகள் அவை வரை சென்று பேசியவர். அதே அணியில் பயிற்சியாளரின் மகன் இளைய ராய் சிம்மன்ஸும், ஜிம் ரிட்லனும் ஆடினர். பிந்திய மூவரும் ஓவியமும் சிற்பமும் பயின்ற கலைஞர்கள் என்பது பலரும் கவனிக்காமல் விடும் செய்தி. கோலேந்திய அந்த அணியில் தூரிகை பிடிக்கத் தெரிந்த கைகள் இத்தனை இருந்தன என்பதை எண்ணும்போது எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

ஆயினும் அவ்வாண்டுப் பட்டம் ஜான்ஸ் ஹாப்கின்ஸுக்கே அறிவிக்கப்பட்டது. இரு அணிகளும் அப்பருவத்தில் நேருக்கு நேர் மோதவில்லை. லக்ராஸின் அதிகார மையம் அன்று பால்டிமோர் வட்டாரம். சிரக்யூஸ் வடக்கே ஒதுங்கியிருந்தது. வலிய எதிரணிகளைச் சந்தித்தவர்க்கே தராசு சாயும்படி முறை அமைந்திருந்தது. எனவே 1957 என்பது பறிக்கப்பட்ட பட்டம் அன்று, வழங்கப்படாத பட்டம். இந்த வேறுபாட்டைச் சிரக்யூஸ் அன்பர்கள் சிலர் பேச்சில் மறந்துவிடுவர். முறை குறையுடையது என்பது வேறு, முறை மீறப்பட்டது என்பது வேறு.

ஏடு இடம் தராத பருவத்துக்கு நினைவு ஈடு செய்தது. ஈட்டுக்கு மேலும் செய்தது. பருவத்தின் இறுதி ஆட்டம் ராணுவக் கல்லூரியுடன். சிரக்யூஸ் 8–6 என வென்றது. அன்றைக்கே பல்கலைக்கழகத்தின் தடகள அணிக்காகவும் பிரவுன் களமிறங்கினார், உயரம் தாண்டுதலிலும் வட்டெறிதலிலும் முதலாவதாக வந்தார், ஈட்டியெறிதலில் இரண்டாமிடம் பெற்றார், பிறகு லக்ராஸ் களத்துக்கு வந்தார் என்பது அங்கே பிள்ளைகளும் அறிந்த கதை. சொல்பவருக்குச் சொல்பவர் அவர் எப்போது உடை மாற்றினார், யார் வந்து அழைத்தார் என்பன மாறும். கதையின் உடல் மாறுவதில்லை. இன்னொரு கதை, கோலை மார்போடு அணைத்துக்கொண்டு பிரவுன் ஓடியதால் எவராலும் பந்தைத் தட்ட முடியவில்லை, ஆகவே கோலை உடலோடு ஒட்டி வைத்திருத்தல் கூடாது என்ற விதியே அவரால்தான் பிறந்தது என்பது. பெரிய ஆட்டக்காரர்களைப் பற்றி இவ்வகைக் கதை எல்லா விளையாட்டிலும் உண்டு. அவர் அவ்வாறு ஓடினார் என்பதை எதிர்த்து ஆடியவர்களே சொன்னார்கள். விதி பிறந்தது அவர் பொருட்டே என்பதை மரபுச் செய்தி என்ற அளவிலேயே நான் ஏற்பேன். பிரவுனின் பெருமைக்கு அது வேண்டியதில்லை. அவ்வாண்டு பால்டிமோரில் வடக்கு, தெற்கு என அணி பிரித்து நடந்த சிறப்பாட்டத்தில், பாதி நேரமே ஆடி 5 கோல் அடித்தார். தராசு பிடித்தவர்களின் ஊரிலேயே அதைச் செய்தார் என்பதுதான் சிரக்யூஸ்காரர்களுக்கு நிறைவு தரும் பகுதி.

இனி மற்றைப் பருவம். மூத்த சிம்மன்ஸுக்குப் பின் 1971இல் மகன் பொறுப்பேற்றார். 1983இல் அணி முதன்முறையாக என்.சி.ஏ.ஏ. பட்டம் வென்றது. பின்னர் கனடாவின் விக்டோரியா நகரிலிருந்து கேரி கெய்ட், பால் கெய்ட் என்ற இரட்டையர் வந்து சேர்ந்தனர். 1988இல் 70 கோல் அடித்த கேரி, கல்லூரி வாழ்வு முழுவதிலுமாக 192 கோல் அடித்தார். அவ்வாண்டு பென்சில்வேனியா அணியுடன் நடந்த அரையிறுதியில், வலைக்குப் பின்னிருந்து ஓடிவந்து, வட்டத்துக்கு மேலாகத் தாவி, கால் தரையைத் தொடுமுன் மேல் விட்டத்துக்கு மேலிருந்து பந்தை வலைக்குள் அமுக்கினார். ஒருமுறையன்று, அதே ஆட்டத்தில் இருமுறை. சிரக்யூஸ் 11–10 என வென்றது. வட்டத்துள் கால் பதியக்கூடாது என்றுதான் விதி இருந்தது. அதன் மேல் பறக்கக்கூடாது என்று எவரும் எழுதி வைக்கவில்லை. பிறகு எழுதிவைத்தார்கள். பிரவுனைப் பற்றிச் சொல்லப்படும் கதை கேரிக்கு மெய்யாகவே நிகழ்ந்தது. அசைபடச் சான்றும் இருக்கிறது.

1988, 1989 ஆகிய இரு பட்டங்களுக்குப்பின், 1990இல் அணி 13 ஆட்டங்களில் 13ஐயும் வென்றது. இறுதியாட்டத்தில் லயோலாவை 21–9 என்று வீழ்த்தியது. (நம் சென்னை லயோலா அன்று, பால்டிமோரில் உள்ளது, இரண்டும் இயேசு சபையார் நிறுவியவையே.) இறுதியாட்டம் ஒன்றில் 21 கோல் என்பது அதுவரை காணாதது. அந்த அணியைப்போல் ஓர் அணி அதற்கு முன்னும் பின்னும் இல்லை என்று சொல்வோர் சிரக்யூஸுக்கு வெளியிலும் உண்டு.

பின்னர் நடந்த விசாரணையில், பால் கெய்ட் கார் வாங்கப் பெற்ற கடனுக்குப் பயிற்சியாளர் சிம்மன்ஸின் மனைவி இணைக் கையொப்பம் இட்டிருந்தது வெளிவந்தது. மற்ற மாணவர்க்குக் கிடைக்காத எந்த உதவியையும் ஆட்டக்காரன் பெறலாகாது என்பது அமைப்பின் விதி. ஆகவே பால் கெய்ட் 1990 தொடரில் ஆடத் தகுதியற்றவராயிருந்தார் என்று முடிவு செய்யப்பட்டது. தண்டனையாக அவ்வாண்டுத் தொடரில் சிரக்யூஸ் பங்கேற்றதே 'காலி' செய்யப்பட்டது. வீட்டைக் காலி செய்வதைக் குறிக்கும் அதே சொல்லைத்தான் அங்கும் ஆள்கிறார்கள். பட்டம் லயோலாவுக்கு மாற்றப்படவில்லை. அவர்கள் இரண்டாமிடத்திலேயே நிற்கிறார்கள், முதலிடத்தில் ஆளில்லை. இவ்வகைத் தண்டனையில் எதிரணியின் கணக்குத் திருத்தப்படுவதுமில்லை. சிரக்யூஸின் வெற்றி நீங்கியது; அந்த வெற்றியால் லயோலாவுக்கு நேர்ந்த தோல்வி நீங்கவில்லை. வென்றவர் இல்லாத ஆட்டத்தில் தோற்றவர் மட்டும் இருக்கிறார். லயோலா தன் முதல் பட்டத்தை 2012இல் மேரிலாந்தை வென்றுதான் அடைந்தது.

இதில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். தண்டனை என்ற வகையில் அந்தத் தீர்ப்பைக் குறைகூற மாட்டேன். விதி தெளிவாக இருந்தது. பயிற்சியாளர் குடும்பத்தின் கையொப்பம் அவ்விதிக்குள் அடங்காது. கருணையால் இட்ட கையொப்பம் என்றாலும் போட்டியிடும் மற்ற கல்லூரிகளுக்கு அது கருணையாகாது. ஆனால் வரலாறு என்ற வகையில் அத்தீர்ப்பு ஏற்கத்தக்கதன்று. ஒருவரின் தகுதிக் குறைக்காக, அக்கடனைப் பற்றிக் கேள்விப்பட்டே இராத தோழர்களின் பருவமும் சேர்த்து எடுக்கப்பட்டது என்பது ஒரு குறை. அதனினும் பெரிய குறை, நடந்ததை நடவாததாக எழுதுவது. "ஆடினர், வென்றனர், பின்னர் தகுதி நீக்கப்பட்டனர்" என்று ஏடு எழுதியிருந்தால், தண்டனையும் நின்றிருக்கும், உண்மையும் நின்றிருக்கும். செப்பேட்டில் ஒரு வரியைச் செதுக்கி நீக்கினால், நீக்கிய தடத்தையே வருங்காலத்தார் முதலில் பார்ப்பர். இன்று 1990க்கு எதிரே நிற்கும் சிறு உடுக்குறி, அந்தப் பத்தியில் மற்றெந்த ஆண்டையும்விட அதிகமாகக் கண்ணை இழுக்கிறது.

அதே நேரத்தில் 11 என்று முழங்குவோரையும் நான் முழுதும் ஒப்பவில்லை. பட்டம் என்பது வழங்குபவரின் ஏட்டைச் சார்ந்தது. 1957இல் சங்கத்தின் மேசை தந்தால்தான் பட்டம் என்றிருந்ததுபோல, 1990க்கும் அமைப்பின் ஏடே அளவுகோல். அந்த அளவுகோலின்படி பட்டங்கள் 10. இறுதியாட்டத்தில் வென்ற ஆண்டுகள் எத்தனை என்று கேட்டால் 11. இரண்டும் உண்மையான விடைகள், வினாக்கள்தாம் வேறு.

பால் கெய்ட்டை வீழ்த்திய கருத்தின் பெயர் 'அமெச்சூர்' நிலை. விளையாட்டால் ஆதாயம் பெறாதவனே தூய ஆட்டக்காரன் என்னும் இந்தக் கருத்துக்கு லக்ராஸ் வரலாற்றில் பழைய, கசப்பான ஓர் ஏடு உண்டு. மாண்ட்ரியல் நகரத்துப் பல் மருத்துவரான ஜார்ஜ் பியர்ஸ் 1867இல் ஆட்ட விதிகளை ஒழுங்குபடுத்தி அச்சிட்டார். அதற்குப் பின் பதினைந்து ஆண்டுகள் போலும் கழியுமுன், கனடாவின் கழகங்கள் பூர்வகுடி ஆட்டக்காரர்களைத் தம் பட்டப் போட்டிகளிலிருந்து விலக்கின. சொல்லப்பட்ட காரணம், அவர்கள் பயணச் செலவுக்குப் பணம் பெற்று ஆடுவதால் 'தொழில்முறையாளர்' என்பது. ஆட்டத்தை உலகுக்குத் தந்தவர்கள், தூய்மைக் குறைவால் ஆட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். 1957இல் சிரக்யூஸ் வலையைக் காத்த ஓரன் லயன்ஸ் இந்த விலக்கின் வழித்தோன்றல் என்பதை நினைத்தால், அந்த அணியில் அவர் நின்றது தனிப் பொருள் பெறுகிறது.

அவர் மக்களின் நினைவில் இந்த ஆட்டத்துக்குப் பட்டப்பட்டியல் கிடையாது. படைத்தவன் மகிழ ஆடுவது, நோயுற்றவர் நலம்பெற ஆடுவது என்று அவர்கள் அதைச் சொல்வர். ஆண்குழந்தைக்குச் சிறு கோல் கொடுப்பதும், இறந்தவனோடு அவன் கோலைப் புதைப்பதும் அங்கே வழக்கம் என்பர். ஆயினும் ஏட்டில் இடம்பெறாவிட்டால் உலகம் மறந்துவிடும் என்பதையும் அவர்கள் அறிந்தே இருந்தனர். 1983இல் லயன்ஸ் உள்ளிட்டோர் இராக்வாய் தேசிய அணியைத் தொடங்கினர். அந்த அணி முதன்முறையாக உலகப் போட்டியில், தன் சொந்தக் கொடியின்கீழ், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ஆடியது எந்த ஆண்டு தெரியுமா? அதே 1990. ஒரே ஆண்டில் ஒரு பெயர் ஏட்டில் ஏறியது. ஒரு பெயர் பின்னர் அதிலிருந்து இறங்கியது. 2010இல் தம் சொந்தக் கடவுச்சீட்டோடு இங்கிலாந்து செல்ல முயன்றபோது பிரிட்டன் அனுமதிக்காததால் அவர்கள் உலகப் போட்டியை இழந்தனர். 2022 முதல் ஹோடினோசோனி என்ற தம் சொந்தப் பெயரிலேயே ஆடுகின்றனர். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் லக்ராஸ் இடம்பெறும் என்று 2023இல் முடிவானபோது, அங்கே அவர்கள் தனி நாடாக நிற்கலாமா என்ற கேள்வியே முதலில் எழுந்தது.

தூய்மைக் கருத்தும் காலத்தால் தேய்ந்தது. 2021 ஜூலை முதல் கல்லூரி ஆட்டக்காரர்கள் தம் பெயராலும் உருவத்தாலும் பணம் ஈட்ட என்.சி.ஏ.ஏ. இடம் தந்தது. 2025இல் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, கல்லூரிகளே ஆட்டக்காரர்க்கு நேராக வருவாய்ப் பங்கு வழங்க வழி பிறந்தது. இன்று கார் விற்பனையாளருக்காக விளம்பரத்தில் தோன்றிக் கார் பெறும் மாணவர்களும் இருக்கிறார்கள். ஆகவே 1990ஐத் திருப்பித் தரலாமே என்ற குரல் எழுவதில் வியப்பில்லை. கால்பந்தில் ரெஜ்ஜி புஷ் என்பார் இழந்த ஹைஸ்மன் விருது 2024இல் அவரிடம் திரும்பியதையும் அவர்கள் எடுத்துக்காட்டுவர். அந்த வாதத்தை நான் பாதியே ஏற்கிறேன். இன்றைய விதியைக் கொண்டு அன்றைய ஆட்டத்தை அளப்பதானால், 1957ஆம் ஆண்டுப் பட்டத்தையும் ஹாப்கின்ஸிடமிருந்து வாங்க வேண்டியிருக்கும். அதற்கு எவரும் துணியமாட்டார். வேண்டுவது திருப்பித் தருவதன்று, நிரப்பி எழுதுவது.

2021இல் கேரி கெய்ட் சிரக்யூஸ் ஆடவர் அணியின் தலைமைப் பயிற்சியாளராக அமர்த்தப்பட்டார். அவர்மீது எக்காலத்தும் தகுதிக் குற்றம் சாட்டப்பட்டதில்லை. ஆயினும் மாணவராக அவர் வென்ற பட்டங்கள் இரண்டா மூன்றா என்பது யாரைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. அவர் பயிற்சியில் 2025ஆம் ஆண்டு அணி, 2013க்குப் பிறகு முதன்முறையாக அரையிறுதி வரை சென்று, மேரிலாந்திடம் தோற்றுத் திரும்பியது. அந்த ஆட்டத்தையும் அடுத்ததையும் வென்றிருந்தால், மறுநாள் நாளிதழ்கள் அதைப் பதினொன்றாவது என்று அச்சிட்டிருக்குமா, பன்னிரண்டாவது என்றா என்பதை அறியும் வாய்ப்பும் அவ்வாண்டு நழுவிவிட்டது.